பார்ட்டன் கோயிலுக்கு என்ன வயது? ஒரு பங்குக் கோயிலின் சுவரைப் படிக்கும் முறை

இங்கிலாந்தின் கிராமத்துத் தேவாலயங்களைப் பற்றிய செய்திகளில் ஒரு குழப்பம் திரும்பத் திரும்ப வருகிறது. ஒரு செய்தி "ஆயிரம் ஆண்டு பழமையான கோயில்" என்கிறது. அதே கோயிலை இன்னொரு செய்தி "13-ஆம் நூற்றாண்டுக் கட்டடம்" என்கிறது. கோயில் வாசலில் இருக்கும் பலகை 15-ஆம் நூற்றாண்டைச் சொல்கிறது. யாரோ தப்பாக எழுதிவிட்டார்கள் என்று படிப்பவர் நினைப்பது இயல்புதான். ஆனால் பெரும்பாலும் மூன்றுமே சரி.

இடைக்காலப் பங்குக் கோயில் எதுவும் ஒரே நாளில் ஒருவர் கையால் முடிந்த கட்டடம் அல்ல. இடித்து, ஒட்டி, உயர்த்தி, அகலப்படுத்தி ஐந்நூறு, அறுநூறு ஆண்டுகளாகக் கட்டிக்கொண்டே வந்தது. எனவே அதன் வயது என்ன என்று கேட்பதைவிட, எந்தச் சுவரின் வயது என்ன என்று கேட்பதே பொருத்தம். அந்தக் கேள்விக்கு எப்படி விடை காண்கிறார்கள் என்பதற்கு, ஹம்பர் ஆற்று முகத்துவாரத்தின் தென்கரையில் இருக்கும் பார்ட்டன் என்ற சிற்றூரின் புனித பேதுரு கோயிலைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம். லிங்கன்ஷயர் மாவட்டத்தில் இருக்கிறது அந்த ஊர்.

## முதலில் சில சொற்கள்

பங்கு என்பது ஒரு குருவானவரின் பொறுப்பில் இருக்கும் நிலப்பரப்பு. இடைக்காலத்தில் அந்த எல்லைக்குள் வாழ்ந்தவர்களின் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் எல்லாம் பொதுவாக அந்தக் கோயிலில்தான் நடந்தன. விளைச்சலில் பத்தில் ஒரு பாகத்தை அவர்கள் கோயிலுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. இதற்குத் தசமபாகம் என்று பெயர். கட்டடத்தின் கதையில் இந்தப் பணமும் ஒரு பாத்திரம், பின்னால் வரும்.

கோயிலின் உள்ளமைப்பில் இரண்டு பகுதிகள் முக்கியம். மக்கள் நிற்கும் பெரிய இடம் நடுக்கூடம். அதற்குக் கிழக்கே, பீடம் இருக்கிற, குருக்களுக்குரிய இடம் பீடப்பகுதி. நடுக்கூடத்துக்கு வடக்கிலும் தெற்கிலும் தூண் வரிசைக்கு அப்பால் சேர்த்த நீளமான அறைகள் பக்கக்கூடங்கள். பக்கக்கூடத்தின் கூரைக்கு மேலே, நடுக்கூடச் சுவரை உயர்த்தி வைக்கும் சாளரங்கள் மேல்சாளர வரிசை. இந்த நான்கும் தெரிந்தால் போதும்.

## கோபுரத்தை அண்ணாந்து பார்த்தால்

பார்ட்டன் கோயிலின் மேற்குக் கோபுரத்துக்குத் தெற்கே நின்று மேலே பாருங்கள். சுவர், வரிசைப்படுத்தாத கரடுமுரடான கற்களால் ஆனது. அதன்மேல் செதுக்கிய கற்களால் ஆன மெல்லிய பட்டைகள் செங்குத்தாக ஓடுகின்றன. கீழ் வரிசைப் பட்டைகளின் தலைகளை அரைவட்ட வளைவுகள் இணைக்கின்றன. அந்த வளைவுகளின் உச்சியிலிருந்து அடுத்த வரிசைப் பட்டைகள் கிளம்புகின்றன. அவற்றின் தலையில் வட்டம் இல்லை, முக்கோணம்.

ஒரு கொத்தனாரிடம் காட்டினால் உடனே சொல்லிவிடுவார்: எடையைத் தாங்கவேண்டிய தூணாக இருந்தால் அதை வளைவின் உச்சியில் யாரும் நிறுத்தமாட்டார்கள். ஆக இது எடை தாங்குகிற வேலை இல்லை, அலங்காரம். மரச்சட்ட வீடுகளின் தோற்றத்தைக் கல்லில் கொண்டுவந்தார்கள் என்று நெடுங்காலமாக ஒரு கருத்து உண்டு. ஐரோப்பியப் பெருநிலத்தின் கல் கட்டடங்களைப் பார்த்துச் செய்தது என்று இன்னொரு தரப்பு சொல்கிறது. இரண்டுக்கும் இடமிருப்பதாகவே படுகிறது.

கோபுரத்தின் மூலைகளிலும் ஒரு தனித்தன்மை இருக்கிறது. ஒரு கல்லை உயரமாக நட்டிருக்கிறார்கள், அடுத்ததைப் படுக்கையாக வைத்திருக்கிறார்கள், மறுபடி உயரம், மறுபடி படுக்கை. படுக்கைக் கல்லின் வால் சுவருக்குள் போய் மூலையைச் சுவரோடு பிணைக்கிறது. இன்று சுவர்க்கற்கள் வெறுமையாகத் தெரிவதைப் பார்த்து, அந்தக் காலத்தில் இப்படித்தான் இருந்தது என்று நினைத்துவிடக் கூடாது. கரடுமுரடான பகுதி முழுக்கச் சுண்ணாம்புச் சாந்து பூசியிருந்தது. வெளுத்த சுவரில் பட்டைகள் மட்டும் எடுப்பாகத் தெரிந்திருக்கும்.

இப்போது இன்னும் மேலே, மணிகள் தொங்கும் உச்சி நிலையைப் பாருங்கள். பட்டைகள் நின்றுவிட்டன. முக்கோணத் தலைச் சாளரங்களும் இல்லை. வட்டத் தலை கொண்ட இரட்டைச் சாளரங்கள் மட்டும். வேறொரு கை வேலை செய்திருக்கிறது என்பது கீழே நிற்கும்போதே தெரிகிறது.

## ரிக்மன் போட்ட கணக்கு

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பழைய கோயில்களை ஒழுங்காகக் காலவரிசைப்படுத்த வழி இருக்கவில்லை. வட்ட வளைவு இருந்தால் "சாக்சன்" என்பார்கள், கூர்வளைவு இருந்தால் "காத்திக்" என்பார்கள், அவ்வளவுதான். 1066-இல் பிரான்சின் வடக்கிலிருந்து வந்த நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அதற்கு முந்தைய ஆங்கிலோ-சாக்சன் காலத்துக் கல் கட்டடம் ஏதாவது உண்மையில் மிஞ்சியிருக்கிறதா என்பதே பெரிய சந்தேகம்.

லிவர்ப்பூலில் கணக்காளராக வேலை பார்த்த தாமஸ் ரிக்மன், ஊர் ஊராகப் போய்க் கோயில்களை அளந்து வரைந்து பழகியவர். கட்டடக் கலையைத் தானாகவே கற்றுக்கொண்டு பின்னர் கட்டடக் கலைஞராகவும் ஆனார். 1817-இல் அவர் வெளியிட்ட நூலில்தான் இன்றைக்கும் எல்லோரும் பயன்படுத்தும் பெயர்கள் நிலைபெற்றன. பார்ட்டன் கோபுரத்தை வைத்து அவர் போட்ட கணக்கு எளிமையானது:

1. ஒரு சுவரின்மேல் இன்னொரு சுவர் நின்றால், கீழே இருப்பது மேலே இருப்பதைவிட மூத்தது, அல்லது அதே வயது. இளையதாக இருக்க முடியாது.
2. கோபுரத்தின் உச்சி நிலை, தொடக்க கால நார்மன் வேலையின் சாயலில் இருக்கிறது.
3. அதன் கீழே இருக்கும் இரண்டு நிலைகளும் நமக்குத் தெரிந்த எந்த நார்மன் வேலையோடும் ஒத்துப்போகவில்லை.
4. அப்படியானால் கீழ் நிலைகள் நார்மன்களுக்கு முந்தையவை.

ஆவணம் ஒன்றுகூட இல்லாமல், சுவரை மட்டும் பார்த்துச் சொன்னது இது. ஒரு முறை இந்த முடிச்சு அவிழ்ந்ததும், பட்டைகளும் முக்கோணத் தலைகளும் நெட்டை-குட்டை மூலைக்கற்களும் ஆங்கிலோ-சாக்சன் வேலையின் அடையாளங்களாகிவிட்டன. நார்த்தாம்ப்டன்ஷயரின் ஏர்ல்ஸ் பார்ட்டன் கோபுரம் போன்றவற்றையும் அதே அடையாளங்களை வைத்து இனங்காண முடிந்தது. உச்சி நிலை 11-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது என்றும், சாக்சன் பழக்கமும் நார்மன் பழக்கமும் கலந்த காலத்து வேலை என்றும் இன்று சொல்கிறார்கள். அதனால் ரிக்மனின் கணக்கு கெடவில்லை.

1066-க்குப் பிறகான காலத்தையும் ரிக்மன் நான்காகப் பிரித்தார். நார்மன் பாணி 1189 வரை. அதற்கு அடையாளம் தடித்த சுவர், வட்ட வளைவு. தொடக்க ஆங்கிலப் பாணி 1307 வரை. குறுகி உயர்ந்த கூர்முனைச் சாளரங்களைப் பார்த்தால் இதுதான். அலங்காரப் பாணி 1377 வரை. சாளரத்தின் தலைப்பகுதியில் கல் கம்பிகள் தீச்சுடர் போல, இலை போல வளைந்து நெளியும். அதற்குப் பின் செங்குத்துப் பாணி. சாளரங்கள் அகன்றுவிடும், கல் கம்பிகள் அடியிலிருந்து உச்சிவரை நேராக ஓடும், கண்ணாடி அதிகம், சுவர் குறைவு.

இந்த ஆண்டுகளை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. 1189, 1307, 1377 மூன்றும் அரசர்கள் இறந்த ஆண்டுகள்: இரண்டாம் ஹென்றி, முதலாம் எட்வர்டு, மூன்றாம் எட்வர்டு. அரசர் கண்ணை மூடினார் என்பதற்காக லிங்கன்ஷயர் கிராமத்துக் கல்தச்சர் மறுநாளே சாளரத்தை மாற்றி வரையப்போவதில்லை. பெரிய தேவாலயங்களில் தொடங்கிய பாணி கிராமத்துக்கு வந்துசேர ஒரு தலைமுறைகூட ஆகலாம். பழைய சாளரத்தைப் பிடுங்கிப் புதுச் சுவரில் பொருத்துவதும் வழக்கம். எனவே பாணி ஏறத்தாழ ஒரு காலத்தைத்தான் காட்டும். அதோடு சுவர்கள் சந்திக்கும் இடத்தையும் பார்க்க வேண்டும். இரண்டு சுவர்களின் கல் வரிசைகள் ஒன்றுக்குள் ஒன்று பல்லாகக் கோத்திருந்தால் சேர்ந்து கட்டியவை. நேர்க்கோடாக ஒரு விரிசல் ஓடினால், ஒன்று முன்பே நின்றது, மற்றது வந்து ஒட்டியது. என்னைக் கேட்டால், சாளரத்தின் அழகைவிட அந்த நேர்க்கோடு நம்பகமான சாட்சி.

## கோபுரமே கோயிலாக இருந்த காலம்

சரி, கீழ் நிலைகள் மூத்தவை. 10-ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி அவற்றைக் கட்டியிருக்கிறார்கள். அப்போது கோயிலின் மற்ற பகுதி எங்கே இருந்தது?

இங்கேதான் பார்ட்டன் நம் கண்ணை ஏமாற்றுகிறது. இன்று பார்க்கிறவருக்கு இது வழக்கமான அமைப்பு: நீண்ட நடுக்கூடம், அதன் மேற்கு முனையில் ஒரு கோபுரம். கோபுரத்துக்கும் மேற்கே சின்னதாக ஓர் அறை ஒட்டிக்கொண்டிருக்கிறது. மேலும் கீழுமாக வட்டச் சாளரங்கள் உள்ள அந்த அறையைப் பின்னால் வந்த ஒட்டுவேலை என்று எண்ணத் தோன்றும். உண்மை நேர்மாறானது. கோபுரத்தின் தரைத்தளம்தான் முதல் கோயிலின் நடுக்கூடம். மேற்கே இருக்கும் சிற்றறை அதே காலத்துத் திருமுழுக்கு அறை. கிழக்கே அதற்கு ஈடாக ஒரு சின்னப் பீடப்பகுதி இருந்தது. நடுவில் உயர்ந்த கோபுரம், இரு பக்கமும் தாழ்ந்த இரண்டு அறைகள், மொத்தக் கோயிலும் அவ்வளவுதான்.

இவ்வளவு சின்ன இடத்தில் ஊர் மக்கள் எப்படி நின்றிருப்பார்கள்? ஊருக்காகக் கட்டியதாக இருந்தால் இந்தக் கேள்வி எழும். இது பெரும்பாலும் ஒரு பிரபு தன் வீட்டாருக்கும் தன்னைச் சேர்ந்தவர்களுக்கும் கட்டியது. கோயிலுக்குக் கிழக்கே, பள்ளம் தோண்டிச் சூழ்ந்த ஒரு பெரிய மனை வளாகம் இருந்திருக்கிறது. 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்து ஆங்கிலச் சட்டக் குறிப்பு ஒன்று, ஒரு குடியானவர் பிரபு நிலைக்கு உயர வேண்டுமானால் போதிய நிலத்தோடு கோயிலும், சமையற்கூடமும், மணிக்கூடமும், வாயிற்கோட்டமும் வேண்டும் என்று பட்டியல் போடுகிறது. மணி தொங்கும் கோபுரம் அந்தஸ்தின் அறிவிப்பு. பார்ட்டன் கோபுரத்தின் பட்டை அலங்காரம் ஏன் அவ்வளவு ஆடம்பரம் என்பதை இதோடு சேர்த்துப் பார்த்தால் புரியும்.

இங்கிலாந்தின் பங்கு அமைப்பே பெருமளவு இப்படித்தான் உருவானது. முன்பு பெரிய நிலப்பரப்புக்கு ஒரே தாய்க்கோயில், அதில் குருக்கள் குழுவாக இருந்து சேவை செய்தார்கள். 10, 11-ஆம் நூற்றாண்டுகளில் நிலப்பிரபுக்கள் ஆளுக்கொரு கோயில் கட்ட, அந்தத் தனிக் கோயில்களின் நில எல்லையே மெல்லப் பங்கு எல்லையாகிவிட்டது.

## கோயில் வளர்ந்தது, கோபுரம் ஓரம் போனது

1086-இல் வில்லியம் அரசரின் ஆணையால் எடுத்த நாடு தழுவிய நிலக் கணக்கெடுப்பில் பார்ட்டனுக்குக் கோயில், குருவானவர், சந்தை, ஆற்றைக் கடக்கும் படகுத்துறை எல்லாம் பதிவாகியிருக்கின்றன. ஊர் செழித்துக்கொண்டிருந்தது. கோபுரத்தின் தரைத்தளம் போதவில்லை.

பழைய பீடப்பகுதியை இடித்துவிட்டுக் கிழக்கே புதிதாகப் பெரிய நடுக்கூடம் கட்டினார்கள். அடுத்து வந்த தலைமுறைகள் பக்கக்கூடங்களைச் சேர்த்து அகலப்படுத்தின. இன்று நாம் காண்பதில் பெரும்பகுதி 13, 14-ஆம் நூற்றாண்டு வேலை. 15-ஆம் நூற்றாண்டில் நடுக்கூடச் சுவரை உயர்த்தி மேல்சாளர வரிசை வைத்தார்கள். பக்கக்கூடம் அகன்றால் நடுக்கூடம் இருண்டுபோகும், வெளிச்சத்துக்கு மேலே போவதைத் தவிர வழியில்லை. ஒவ்வொரு வளர்ச்சியும் கிழக்கேயும் பக்கவாட்டிலும்தான் நடந்தது. அதனால் ஒரு காலத்தில் கோயிலின் நடுவாக இருந்த கோபுரம் நகராமலே மேற்கு ஓரமாகிவிட்டது.

இவ்வளவு இடம் வேண்டியிருந்ததற்கு மக்கள்தொகை மட்டும் காரணம் இல்லை. இறந்தவர்களின் ஆன்மாவுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கத் தனிப் பீடங்கள் வைப்பது அன்றைய பக்தியின் மையம். குடும்பங்களும் சங்கங்களும் தங்களுக்கென்று பீடம் கேட்டபோது பக்கக்கூடத்தின் கிழக்கு முனைதான் அதற்கு இடம். 1547-இல் அப்படிப்பட்ட அறக்கட்டளைகளைச் சட்டம் போட்டு ஒழித்தபின், நாடு முழுவதும் பக்கக்கூடங்கள் வேலையிழந்த அறைகளாயின. கோயில்கள் பெரிதாவதும் அதோடு ஏறத்தாழ நின்றுபோனது.

## யார் பணம், யார் சுவர்?

பல பங்குக் கோயில்களில் நடுக்கூடம் ஒரு பாணியிலும் பீடப்பகுதி இன்னொரு பாணியிலும் இருப்பதைக் காணலாம். ஒன்று பிரமாதமாக இருக்கும், மற்றது ஏனோதானோ. இதற்கு ரசனை காரணமில்லை. இடைக்காலத் திருச்சபை வழக்கப்படி நடுக்கூடத்தைப் பராமரிப்பது பங்கு மக்களின் கடமை. பீடப்பகுதியைப் பராமரிப்பது தசமபாகத்தைப் பெறுகிறவரின் கடமை. தசமபாகத்தைப் பெறுகிறவர் பல இடங்களில் உள்ளூர்க்காரரே இல்லை. பார்ட்டன் கோயிலை அதன் நார்மன் பிரபு கில்பர்ட் டி காண்ட் பார்ட்னி மடத்துக்கு எழுதிவைத்தார். வருமானம் அப்புறம் மடத்துக்குப் போனது. ஊர் மக்கள் கம்பளி விலை ஏறிய காலத்தில் நடுக்கூடத்தில் செலவழிப்பார்கள். தூரத்து மடம் பீடப்பகுதியில் ஒழுகலை அடைப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஒரே கூரையின் கீழ் இரண்டு கணக்குப் புத்தகங்கள்.

இது பழங்கதை என்று ஒதுக்க முடியாது. எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது அவற்றின் நிலங்களோடு இந்தக் கடமையும் வாங்கியவர்களுக்குப் போனது. வார்விக்ஷயரின் ஆஸ்டன் காண்ட்லோ கோயில் வழக்கில், அப்படிப்பட்ட நிலத்தின் இன்றைய உரிமையாளர்கள் பீடப்பகுதியைச் சரிசெய்யப் பணம் கொடுத்தே ஆக வேண்டும் என்று 2003-இல், அன்று நாட்டின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. பழுதுச் செலவும் வழக்குச் செலவும் சேர்ந்து லட்சக்கணக்கான பவுண்டுகள் ஆயின. அதற்குப் பிறகு வீடு வாங்குகிறவர்கள் மத்தியில் எழுந்த பீதியால்தான் இந்தக் கடமை பலருக்கும் தெரியவந்தது. 2013 அக்டோபரில் ஒரு கெடு முடிந்தது. அதற்குள் கோயில்கள் தங்கள் உரிமையைப் பதிவு செய்யாவிட்டால், பின்னர் அந்த நிலத்தை விலைக்கு வாங்குகிறவரை அது பொதுவாகக் கட்டுப்படுத்தாது.

## தரையைத் திறந்தபோது

ஒரே ஊரில் பார்ட்டனுக்கு இரண்டு இடைக்காலக் கோயில்கள். சந்தைக்குப் பக்கத்தில் 12-ஆம் நூற்றாண்டில் துணைக்கோயிலாகத் தொடங்கிய புனித மரியாள் கோயில், வணிகர்களின் பணத்தில் தாய்க்கோயிலுக்கு நிகராக வளர்ந்துவிட்டது. 20-ஆம் நூற்றாண்டில் இரண்டையும் பராமரிக்க முடியவில்லை. 1972-இல் பேதுரு கோயிலில் வழிபாடு தேவையில்லை என்று முறைப்படி அறிவித்தார்கள்.

வழிபாடு நின்றதால் ஓர் அரிய வாய்ப்பு வந்தது. வழிபாடு நடக்கும் கோயிலில் தரை முழுவதையும் பெயர்க்க யாரும் சம்மதிக்க மாட்டார்கள். இங்கே முடிந்தது. வார்விக் ராட்வெல், கர்ஸ்டி ராட்வெல் இருவரின் தலைமையில் 1978 முதல் 1984 வரை உள்ளேயும் வெளியேயும் அகழாய்வு நடந்தது. சுவரை மட்டும் பார்த்து ரிக்மன் சொன்னதை மண்ணுக்குள் சரிபார்க்கவும், அவரால் பார்க்க முடியாததைப் பார்க்கவும் வழி கிடைத்தது.

1. காணாமல்போன கிழக்குப் பீடப்பகுதியின் அடித்தளம் கிடைத்தது. மூன்று அறைக் கோயில் என்பது ஊகமாக இல்லாமல் உறுதியானது.
2. கோயிலுக்கு முன்பே அந்த இடம் இடுகாடு. கோபுரத்துக்கு அடித்தளம் போடும்போது குறுக்கே வந்த கல்லறைகளைத் திறந்து உடல்களை எடுத்திருக்கிறார்கள்.
3. ஈரமான மண்ணில் காற்றுப் புகாததால், ஆயிரம் ஆண்டுப் பழைய மரச் சவப்பெட்டிகள் மட்கிப்போகாமல் கிடைத்தன. இரும்பு ஆணிக்குப் பதில் மர ஆணி அடித்த பெட்டிகளும் அவற்றில் உண்டு.

மரம் கிடைப்பது ஏன் இவ்வளவு பெரிய விஷயம்? மரத்தின் ஆண்டு வளையங்கள் நல்ல மழை ஆண்டில் அகலமாகவும், வறண்ட ஆண்டில் குறுகலாகவும் இருக்கும். அந்த வரிசை ஒரு வட்டாரத்து மரங்களுக்கெல்லாம் ஏறத்தாழ ஒன்றுபோல அமையும். ஏற்கெனவே காலம் தெரிந்த வளைய வரிசையோடு பொருத்தினால் மரத்தை வெட்டிய காலத்தை நெருங்கலாம். சாளரப் பாணி ஒரு தலைமுறையைத்தான் காட்டும், மரம் சில நேரம் ஆண்டையே காட்டிவிடும்.

ஏறத்தாழ 2,800 பேரின் எலும்புகள் எடுக்கப்பட்டன. 10-ஆம் நூற்றாண்டிலிருந்து 19-ஆம் நூற்றாண்டு வரை ஒரே ஊரில், ஒரே கோயிலைச் சுற்றி அடக்கமானவர்கள். சுவர்களை உயர்த்தியவர்களும் அதற்குப் பணம் கொடுத்தவர்களும் அவர்களில் இருப்பார்கள். மூட்டுத் தேய்மானம், எலும்பு முறிவு, நோய்த் தடம் எல்லாவற்றையும் தலைமுறை தலைமுறையாக ஒப்பிட்டுப் பார்க்க இப்படியொரு தொகுப்பு ஐரோப்பாவிலேயே அரிது.

ஆய்வு முடிந்ததும் அவர்களை எங்கே வைப்பது என்ற கேள்வி வந்தது. மீண்டும் புதைத்தால் பின்னால் வரும் ஆய்வாளர்களுக்குக் கிடைக்காது. ஆய்வகத்திலேயே வைத்திருந்தால், தங்கள் கோயில் மண்ணில் அடக்கமாக விரும்பியவர்களுக்கு அது நியாயமில்லை. கடைசியில் கோயிலுக்குள்ளேயே, முன்பு ஆர்கன் இசைக்கருவி இருந்த அறையை எலும்பறையாக்கினார்கள். 2007-க்குப் பிறகு பார்ட்டன் மக்கள் அங்கே அலமாரிகளில் பெட்டி பெட்டியாக இருக்கிறார்கள்.